தோவாளை மல்லிகையும் தாயின் பாலும்



தக்கலையை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார். அவர் கேட்காவிட்டாலும் நாம் வெளியிட்டிருக்க மாட்டோம். அவருடைய முதற்குழந்தை ஒன்பதாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிரசவமாகி மூன்றாம் நாள் மார்பு கனத்து, வலித்து, பால் சுரக்கத் தொடங்கியது. கணவர் சவூதியில். வீட்டிலிருந்த மூத்த பெண்மணி ஒருவர் தோவாளைச் சந்தையிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கிவரச் செய்து மார்பின்மேல் வைத்துக் கட்டினாராம். சில நாட்களில் பால் அடங்கிற்று.

சகோதரி கேட்பவை மூன்று. பூ வைத்துக் கட்டியது மூடப்பழக்கமா, அல்லது அதில் ஏதேனும் உண்மை உண்டா? குழந்தையே இல்லாதபோது பால் ஏன் வந்தது? (அதை ஏதோ ஒரு குறி என்று சொன்னவர்களும் உண்டாம்.) மூன்றாவது கேள்வியைக் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அதன்பின் பல மாதங்கள் நாத்தனாரின் குழந்தையை ஏறிட்டும் பார்க்க முடியவில்லை. தாய்மனம் என்பதே தமக்கு இல்லையோ?

முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை ஹார்மோன் எனப்படும் சுரப்புகளில் இருக்கிறது. மூன்றாவதற்கு அவற்றில் பாதி விடைதான் உண்டு. ஆகவே சற்றுத் தொடக்கத்திலிருந்தே வருவோம். பெண்பிள்ளைகள் வளரும் வீடுகளுக்கும் இது பயன்படும்.

நம் பாடநூல்களில் இயக்குநீர் என்று குறிப்பிடப்படும் ஹார்மோன்கள், உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு கலந்து சென்று, வேறோரிடத்தில் வேலை செய்பவை. இச்சொல்லை 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் என்னும் அறிஞர் வழக்கில் கொண்டுவந்தார். மூளையின் அடியில், பட்டாணிக் கடலை அளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி இவற்றுள் பலவற்றை ஆள்கிறது. அதற்கு மேலிருந்து கட்டளையிடுவது ஹைபோதாலமஸ் என்னும் மூளைப்பகுதி.

பெண்குழந்தை எட்டு, ஒன்பது வயதைக் கடந்த பிறகு, ஒருநாள் இரவில், அவள் உறங்கிக்கொண்டிருக்கும்போது, ஹைபோதாலமஸ் விட்டுவிட்டுச் சிறுசிறு அளவில் தூண்டுநீரை அனுப்பத் தொடங்குகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி, சூலகத்தைத் தூண்டுகிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மார்பு அரும்புவதும், உயரம் கூடுவதும், இடை அகல்வதும் அதன் விளைவு. முதல் மாதவிடாய் இவற்றுக்கெல்லாம் பிறகு, பெரும்பாலும் மார்பு அரும்பி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கழித்தே வருகிறது. பெண் பருவமடைந்தாள் என்று நாம் செய்தி சொல்லும் நாளில், உண்மையில் பருவம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இந்தத் தொடக்கத்துக்கு உடலில் ஓரளவு கொழுப்பு சேர்ந்திருக்க வேண்டும். கொழுப்புத் திசுக்களிலிருந்து லெப்டின் என்னும் ஹார்மோன் மூளைக்குச் சென்று, சேமிப்பு இருக்கிறது என்று தெரிவிக்கிறது. மிகவும் மெலிந்த பிள்ளைகள் தாமதமாகவும், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்கள் முன்னதாகவும் பருவமடைவது இதனால்தான். நாஞ்சில் நாட்டு வீடுகளில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துப் பெண்ணைத் தேற்றும் வழக்கத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊட்டத்தைப் பிள்ளை திரண்ட பதினாறு நாட்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதில் அர்த்தமில்லை. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில்தான் அது அதிகம் தேவைப்பட்டது.

முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது இயல்பு. சூலகமும் பிட்யூட்டரியும் ஒன்றுக்கொன்று இசைவு பெறக் காலம் பிடிக்கிறது. எட்டு வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலோ, பதின்மூன்று வயதாகியும் அரும்பாவிட்டாலோ, பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். திருமணம் பேசும் நேரத்தில் வெளியே தெரிந்துவிடும் என்று ஒளித்துவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதி. சிகிச்சைக்கான காலம் கைநழுவிப் போகும்.

இனிப் பாலுக்கு வருவோம்.

பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் மார்பினுள் பால்நாளங்களை மரக்கிளைகளைப் போல நீட்டிவிடுகிறது. கருத்தரித்த பிறகு புரோஜெஸ்ட்ரோன் அக்கிளைகளின் நுனியில் திராட்சைக் கொத்துப்போலப் பாற்பைகளை உண்டாக்குகிறது. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் பிட்யூட்டரியிலிருந்து மாதந்தோறும் கூடிக்கொண்டே வருகிறது. கருவுற்று ஐந்தாம் மாதமளவிலேயே பால் சுரக்கத் தேவையான ஏற்பாடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் கர்ப்ப காலத்தில் பால் பெருகுவதில்லை? நச்சுக்கொடியிலிருந்து ஏராளமாகச் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது.

பிரசவத்தின்போது நச்சுக்கொடி வெளியேறுகிறது. உடனே புரோஜெஸ்ட்ரோன் சரசரவென்று இறங்குகிறது. தடை நீங்கவே, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பால் பெருகுகிறது. இங்கே கவனியுங்கள், சகோதரிகளே: உடலுக்குத் தெரிவது நச்சுக்கொடி வெளியேறியது ஒன்றுதான். குழந்தை அழுததா, அழவில்லையா என்பது அதற்குத் தெரியாது. எனவே குழந்தை உயிரின்றிப் பிறந்தாலும், ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தாலுங்கூடப் பால் வரலாம். அது குறியுமன்று, குற்றமுமன்று. இறந்துபோன பிள்ளை பாலுக்கு ஏங்குகிறது என்று அந்தத் தாயின் காதில் விழும்படி பேசுபவர்கள், தாம் சொல்வது எத்தகைய கொடுமை என்பதை உணர வேண்டும். இவ்வாறு நேரக்கூடும் என்பதை மருத்துவமனையை விட்டு அனுப்பும்போதே அவளிடம் சொல்லிவிட்டால் பாதித் துன்பம் குறையும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பூவின் கதை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும் இடத்தில் உள்ள தோவாளையை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. விடியுமுன்பே மல்லிகையும் பிச்சியும் அங்கே குவிந்துவிடும். ஓணக் காலத்தில் கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் போகும். மணவீட்டுக்குப் பூ வாங்கும் அதே சந்தையிலிருந்துதான் பிள்ளையை இழந்தவளுக்கும் பூ வந்திருக்கிறது.

பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் கட்டும் வழக்கம் தென்னாட்டில் சாதி மத வேறுபாடின்றிப் பழங்காலமாக உள்ளது. இதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தனர். 1988-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. பால் அடங்க வேண்டிய தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மல்லிகைப்பூக் கட்டப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை கொடுக்கப்பட்டது. இரு சாராரின் இரத்தத்திலும் புரோலாக்டின் அளவைப் பார்த்தார்கள். மார்பின் கனம், சுரக்கும் பால், வலிமாத்திரை எத்தனை தேவைப்பட்டது என்பவற்றையும் குறித்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? இரண்டுமே புரோலாக்டினைக் குறைத்தன. மாத்திரை அதிகமாகக் குறைத்தது; பூ அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. ஆனால் மார்பின் கனம் தணிந்ததிலும், பால் அடங்கியதிலும், வலி குறைந்ததிலும் இரண்டுக்கும் வேறுபாடில்லை. மேலும், மாத்திரை உண்டவர்களில் சிலருக்கு அதை நிறுத்திய பிறகு பால் மீண்டும் சுரந்தது. மாத்திரைக்கு வசதியில்லாத இடங்களில் பூவையே பயன்படுத்தலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. மூளையில் டோப்பமின் என்னும் பொருள் புரோலாக்டினைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. புரோமோகிரிப்டின் அதைப்போல நடித்து வேலை செய்யும் மருந்து. பிரசவித்த பெண்களில் இதை உண்ட சிலருக்கு இரத்தக்கொதிப்பு, வலிப்பு, பக்கவாதம் ஆகியன நேர்ந்ததாகச் செய்திகள் வரவே, 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பால் வற்றுவதற்கென்று இதனைத் தருவதற்கான அனுமதி விலக்கப்பட்டது. பட்டணத்து மருந்து பின்வாங்கிய இடத்தில், பாமர மக்களின் பூ நின்றுகொண்டிருந்தது! இப்போது இதற்கென வேறு மாத்திரைகளை மருத்துவர்கள் தருகிறார்கள். மருத்துவரே பார்த்துத் தர வேண்டியவை அவை. கடையில் கேட்டு வாங்கத் தக்கவை அல்ல.

பழைய வழக்கமெல்லாம் சரி என்று இதனால் ஆகிவிடாது. பாலை இறைத்துவிட்டுக் காய்ந்த துணியால் மார்பை இறுகக் கட்டிவைப்பது வலியைத்தான் கூட்டும். பூக்கட்டுவோர் கவனிக்க வேண்டியதும் உண்டு: இன்று தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிக்காமல் மல்லிகை விளைவதில்லை. நன்றாக அலசி, ஈரம் வடித்த பிறகே பயன்படுத்துங்கள். தோல் சிவந்து, தடித்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது சீழ்க் கட்டியின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது பூவையும் பத்தையும் நம்பிக் காலங்கடத்தக் கூடாது. குழந்தைக்குப் பாலூட்டும் தாய் மார்பில் மல்லிகை கட்டக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வைக்கோல் கன்று

பால் சுரப்பது வேறு, பால் இறங்குவது வேறு. சுரப்பதற்கு புரோலாக்டின், இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோன். குழந்தை வாய் வைத்து உறிஞ்சும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி ஆக்ஸிடோசினை வெளியிடுகிறது. பாற்பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகள் சுருங்கிப் பாலைப் பீய்ச்சுகின்றன. இதே ஹார்மோன் கருப்பையையும் சுருக்குகிறது. பிறந்தவுடன் பால் கொடுத்தால் உதிரப்போக்கு குறைவது இதனாலேயே. 1906-இல் ஹென்றி டேல் இதன் ஆற்றலைக் கண்டறிந்தார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ இதைச் செயற்கையாகத் தயாரித்து, 1955-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அறிஞர்களுக்கு நெடுங்காலம் முன்பே நம்மூர்ப் பால்காரருக்கு இது தெரிந்திருந்தது. கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின்முன் நிறுத்துவார். பசு அதை நக்கிக் கொடுக்கும், பால் இறங்கும். பார்வையும் மணமும் பட்டாலே ஆக்ஸிடோசின் சுரக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? குழந்தையின் அழுகுரல் அடுத்த அறையிலிருந்து கேட்டாலே தாயின் சட்டை நனைவதும் இதுவே. வைக்கோல் கன்றுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் ஆக்ஸிடோசின் ஊசி போடும் கெட்ட வழக்கம் பால்மாட்டுத் தொழிலில் புகுந்தது. அதைத் தடுப்பதற்காக மத்திய அரசு 2018-இல் தனியார் இம்மருந்தைத் தயாரிக்கக் கூடாதென்று ஆணையிட்டது. பிரசவ உதிரப்போக்கை நிறுத்தும் உயிர்காக்கும் மருந்து கிடைக்காமல் போகும் என்று வழக்கு நடந்து, அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. மாட்டுக்குக் கெடுதியாகும் மருந்து, மருத்துவரின் கையில் மனிதருக்கு உயிராக இருக்கிறது.

வேதனையும் வெட்கமும் அச்சமும் ஆக்ஸிடோசினை அடக்கிவிடும். 1948-இல் அமெரிக்காவில் நியூட்டன் தம்பதியர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தனர். பாலூட்டும் ஒரு தாயின் காலைப் பனிக்கட்டி நீரில் வைத்தும், கால்விரலை வலிக்க இழுத்தும், கடினமான கணக்குகளைக் கேட்டும் தொல்லை கொடுத்தார்கள். தொல்லையில்லாத நாட்களில் குழந்தை ஒரு வேளைக்குச் சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. தொல்லை கொடுத்த நாட்களில் 99 கிராம். தொல்லையோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராம். பால் மார்பில் இருந்தது; மனம் கலங்கியதால் இறங்கவில்லை.

ஒரே ஒரு தாயிடம் செய்த சோதனைதான். ஆயினும் நம் வீடுகளில் நாள்தோறும் இச்சோதனை நடக்கிறது என்பேன். "பிள்ளைக்குப் பால் போதவில்லையே, என்ன சாப்பிடுகிறாய்?" என்று காலையில் மாமியார் கேட்கிறார். "எங்கள் காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மீதம் இருக்கும்" என்று மாலையில் பக்கத்து வீட்டார் சொல்கிறார். பார்க்க வருவோர் கூட்டத்தின் நடுவே அவள் கூச்சத்தோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாலூட்டுகிறாள். கால்விரலை இழுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குளச்சல் கரையிலிருந்து பால்சுறா வாங்கிப் புட்டவித்துக் கொடுப்பதும், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பதும் நல்லதே, புரதம் சேரும். (பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும், ஆகவே சிறியவற்றையே வாங்குங்கள்.) ஆனால் குழந்தை அடிக்கடி வாய் வைத்து உறிஞ்சுவதைவிடச் சிறந்த பால்மருந்து கிடையாது. அடுத்தது, அவளை நிம்மதியாக இருக்க விடுவது.

தாய்மனம் எங்கிருந்து வருகிறது?

பெற்றவுடன் பெண்ணின் நெஞ்சில் பாசம் ஊற்றெடுத்துவிடும் என்று கதைகளிலும் திரைப்படங்களிலும் காண்கிறோம். அது சிலருக்கு முதல் நொடியிலேயே நேர்கிறது. சிலருக்கு வாரங்கள் ஆகின்றன. இரண்டும் இயல்பே.

எலிகளிடம் செய்த ஆய்வுகள் இதைப் பற்றிச் சிந்திக்க வைக்கின்றன. 1968-இல் டெர்கெல், ரோசன்பிளாட் என்னும் இருவர், புதிதாகக் குட்டி ஈன்ற எலியின் குருதிநீரைக் குட்டியே போடாத எலிகளுக்குச் செலுத்தினர். அவை வழக்கத்தைவிட விரைவாகக் குட்டிகளைப் பேணத் தொடங்கின. இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்பது உறுதியாயிற்று. 1979-இல் பெடர்சன், பிராஞ்ச் என்போர் ஆக்ஸிடோசினை மூளையில் செலுத்தி அதே விளைவைக் கண்டனர். சரி, எல்லாம் ஹார்மோன்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஏனெனில் அதே ரோசன்பிளாட் 1967-இலேயே வேறொன்றையும் காட்டியிருந்தார்: எந்த ஊசியுமின்றி, குட்டி போடாத எலியின் கூண்டில் நாள்தோறும் குட்டிகளை விட்டுவைத்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தானாகவே அவற்றை நக்கி, அணைத்து, கூடு கட்டத் தொடங்கிவிடுகிறது. ஆண் எலியும் அவ்வாறே செய்கிறது! ஹார்மோன் வேலையை விரைவுபடுத்துகிறது. பழக்கம் மெதுவாக அதே இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது.

எலியை வைத்து மனிதரை அளக்கலாமா என்று கேட்பீர்கள். மனிதரிடமும் அதன் சாயல் தெரிகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. அவர்களிலும், நாள்தோறும் பல மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. தூக்கி வளர்த்தால் வாப்பாவின் உடலும் மாறுகிறது! வளைகுடாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பு எண்ணிக்கொண்டிருக்கும் நம் சகோதரர்களுக்கு இந்த வாய்ப்பு அமைவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஊரில் இருந்துகொண்டே பிள்ளையைத் தூக்காதவர்களைப் பற்றி என்ன சொல்ல?

பெறாத தாய்க்கும் பால் வரும். இடைவிடாது குழந்தையை உறிஞ்சவிட்டால் புரோலாக்டின் கூடி, சில வாரங்களில் ஓரளவு பால் சுரப்பதுண்டு. மருத்துவர்கள் மருந்தும் கொடுத்து உதவுகிறார்கள். பால்குடி உறவுக்கு நம் மார்க்கத்தில் உள்ள கண்ணியத்தை நீங்கள் அறிவீர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்த ஹலீமா அம்மையாரின் வரலாறு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டாண்டுக் காலத்தை அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் குறிப்பிடுகிறது.

இங்கே இக்காலத்துச் சிக்கல் ஒன்று உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்காகப் பிற தாய்மாரின் பாலைச் சேமித்துக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் நடைபெறுகிறது. பிள்ளையை இழந்த தாய்மாரில் சிலர், பால் வற்றுமுன் இவ்வங்கிகளுக்குக் கொடுத்து ஆறுதல் பெறுகிறார்கள். ஆனால் யாருடைய பாலை யார் குடித்தார் என்று தெரியாமல் பல தாய்மாரின் பால் கலந்துவிட்டால், பிற்காலத்தில் பால்குடிச் சகோதரர்களுக்குள்ளே திருமணம் நிகழ்ந்துவிடக் கூடுமே என்பது மார்க்க அறிஞர்களின் கவலை. ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் இத்தகைய வங்கிகள் கூடாதென்றது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை பாலருந்தினால்தான் உறவு ஏற்படும். ஹனஃபி மத்ஹபில் ஒருமுறையே போதும். தீர்ப்பு சொல்வது நம் வேலையன்று. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் நாம் சொல்லலாம்: கொடுப்பவர் பெறுபவர் இருவர் பெயரையும் எழுதிவைத்து, ஒரு தாயின் பாலை ஒரு குழந்தைக்கே கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் இந்தக் கவலைக்கு இடமில்லை. மருத்துவமனையில் இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் உயிர்.

அழுகையும் மனச்சோர்வும்

பிரசவமான சில நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் மலையிலிருந்து பள்ளத்துக்கு விழுவதுபோல் விழுகின்றன. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமின்றி அழுகை வருவதும், சிறு சொல்லுக்குச் சினம் வருவதும் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் இது தானே தணியும். தணியாமல், எதிலும் பற்றின்றி, உறக்கமின்றி, குழந்தையைத் தூக்கவும் மனமின்றி நீடித்தால், அது பிரசவ மனச்சோர்வு என்னும் நோய்.

நம் தமிழகத்தில் இதைப் பற்றி நடந்த முக்கியமான ஆய்வும் வேலூரிலிருந்துதான் வந்தது. கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பேறுகாலத்துக்கு முன்பும், பேறு முடிந்து 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் சந்தித்துக் கேட்டறிந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினொருவருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. ஹார்மோன்களின் வீழ்ச்சி எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. பிறகு அந்தப் பதினொரு பேர் மட்டும் ஏன் நோயுற்றார்கள்? குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவி இல்லாமை. இவை ஒன்றுகூட இரத்தப் பரிசோதனையில் தெரிபவை அல்ல. பெண்பிள்ளை பிறந்ததற்கு முகத்தைச் சுளிக்கும் குடும்பம், அந்தத் தாயின் நோய்க்குக் காரணங்களில் ஒன்றாகிறது என்பதை வெட்கத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளையை உயிரோடு புதைத்த வழக்கத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது.

உடல் சார்ந்த காரணம் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. பேறுகாலத்துக்குப் பின் நூற்றில் ஐந்து பேர் அளவில் தைராய்டுச் சுரப்பி தடுமாறுகிறது. சோர்வு, மந்தம், முடி உதிர்தல், பால் குறைவு என்று அது மனச்சோர்வைப் போலவே தோற்றம் தரும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். கர்ப்பிணியின் தைராய்டுக்கு அயோடின் தேவை. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அதுவே ஆதாரம். கடல்மீன் உண்ணும் நமக்கு அயோடின் உப்பு எதற்கு என்று சொல்வோருண்டு. நாடு முழுவதும் 2018-19-இல் எடுத்த கணக்கில், போதிய அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைந்த மாநிலம் தமிழ்நாடு: நூற்றுக்கு 61.9. தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருப்பதால் கல்லுப்பை மூட்டையாக வாங்கிவைக்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடிதம் எழுதிய சகோதரியே! நாத்தனாரின் குழந்தையை உங்களால் பார்க்க முடியாமற் போனது தாய்மனம் இல்லாததாலன்று. ஒன்பது மாதம் ஒரு குழந்தைக்காகத் தயாரான உடலும் மூளையும் அந்தக் குழந்தை இல்லாமல் நின்றன. பிற குழந்தையின் அழுகுரல் கேட்டதும் உங்கள் மார்பு வலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தாய்மனம் இல்லாதவளுக்கு அப்படி நேராது. நாற்பது நாள் முடிந்தவுடன் எல்லாம் மறந்துவிட வேண்டும் என்று எவர் சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம். இழந்த பிள்ளைக்கு நீங்கள் வைத்திருந்த பெயரைக் கணவரிடம் தொலைபேசியில் பேசும்போது சொல்லி அழுங்கள். அவரும் அங்கே தனியாக அழுதுகொண்டிருக்கக்கூடும்.

துயரம் வேறு, நோய் வேறு. துயரத்தில் இடையிடையே சிரிப்பும் பசியும் உறக்கமும் வந்துபோகும். நோயில் அவை வருவதில்லை. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் செல்லாமல், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வந்தால் உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள். பிரசவித்த பெண் இல்லாத குரல்களைக் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி அச்சமூட்டும்படி பேசினாலோ, அது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் கடுமையான நோய், ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது. ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்கும் இடங்களுக்கு அலைந்து வாரங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. ஓதுவதை வீட்டிலேயே ஓதிக்கொண்டு மருத்துவரிடமும் செல்லலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் தனிப்பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009 முதல் இயங்குகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டிய நிலை பெரும்பாலோருக்கு வருவதில்லை. பச்சிளம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, பிள்ளையின் எடையைப் பார்க்கும் செவிலியரிடம் தாயின் உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். வெளியே போக இயலாதவர்கள் 14416 என்னும் இலவச எண்ணில் எந்நேரமும் அழைத்து மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்; பெயரைச் சொல்லாமலும் பேசலாம்.